ராஜா வீட்டுக் கொடிவழியில் ஒரு சதுரம்

வேலையை விட்டு வந்த பிறகும் ஆபீஸ் என்னை விடுவதாக இல்லை. போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம் என்று சாய்ந்தேன், பிரியா வீடியோ காலில் வந்துவிட்டாள். பிரியா என்னோடு வேலை பார்த்த பெண், மேற்கு மாம்பலத்துக்காரி. இப்போது மில்பிடாஸில் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பழைய கோப்புகளை எல்லாம் ஒரு புது கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ஒரு கோப்பு மட்டும் உள்ளே போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறதாம்.

“ஆன்ட்டி, அந்த பப்புவா ராஜா ஃபேமிலி ஃபைல்ல மேல ஒரு ஸ்கொயர் போட்டிருக்கீங்க. இந்த சிஸ்டம்ல ஸ்கொயரே கிடையாது. அன்நோன், ப்ராபபிள், ரெண்டே ஆப்ஷன்தான். எதை செலக்ட் பண்றது?”

இரண்டும் வேண்டாம் என்றேன். வார இறுதிக்குள் அவள் எதையாவது தேர்ந்தெடுக்காவிட்டால் புரோகிராமே தேர்ந்தெடுத்துக்கொள்ளுமாம். யோசித்தும் வைத்துவிட்டதாம். அது யோசித்து வைத்திருந்த பெயர்களை அவள் படித்துக் காட்டினாள். என் தூக்கம் அதோடு போனது. போனிலேயே கதையைச் சொன்னேன். தனக்குப் பின்னால் வருகிறவர்களும் இதையே கேட்பார்கள், எழுதி வைத்துவிடுங்கள் என்று அவள் சொன்னதால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை.

எங்கள் தொழில் கொடிவழி தேடித் தருவது. யாருக்கு யார் அப்பா, அவருக்கு யார் அப்பா என்று பின்னாலேயே போய்க்கொண்டிருப்பது. கோயம்புத்தூரில் நூலக அறிவியல் படித்தேன், கல்யாணமாகி கலிஃபோர்னியா வந்தேன், வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் பல வருஷம் வீட்டில் பருப்பு வேகவைத்தேன். கிரீன் கார்டு வந்தபோது படித்ததெல்லாம் மறந்திருந்தது. பக்கத்து நூலகத்தில் சம்பளமில்லாமல் புத்தகம் அடுக்கப் போன இடத்தில், இந்தக் கொடிவழித் தொழில் நடத்திய லொரேன் என்னைப் பார்த்தார், அடுத்த மாதம் வேலைக்கு வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

இந்தத் தொழிலில் ஆளைச் சலிக்க வைப்பது ஒன்றுதான். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு ராஜா வேண்டும். ஐரிஷ்காரருக்கு ஐரிஷ் ராஜா, ஜெர்மன்காரருக்கு ஒரு பிரபுவாவது. நம்மாட்கள் மட்டும் என்ன? பிளசன்டனிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார், தஞ்சாவூர்ப் பக்கம். தான் சோழ வம்சம் என்று ஒரு சான்றிதழ் வேண்டும், மகன் பிறந்தநாளுக்கு ஃபிரேம் போட்டு மாட்ட. உங்கள் தாத்தாவுக்கு மேலே ஒரு காகிதமும் கிடைக்கவில்லை சார் என்றேன். அதற்கு முன்னால் அங்கே சோழர்தானே மேடம் இருந்தார்கள், வேறு யார் இருந்தார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அடப் போங்கப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வயலில் நின்ற தாத்தா ஒருத்தருக்கும் வேண்டாம்.

லொரேன் எங்கள் மேலாளர், அந்தச் சின்ன நிறுவனத்தின் சொந்தக்காரரும் அவரே. நெடுநெடுவென்று உயரம், நரைத்த கிராப்பு, வெயில் காலத்திலும் கம்பளிச் சட்டை. காபி, டீ எதுவும் கிடையாது, நாள் முழுக்க வெறும் வெந்நீர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் நாம் எழுதிக்கொண்டு போன தாளை அவர் கையில் எடுத்தால் நாமே மனசுக்குள் ஒருமுறை சரிபார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

அவரிடம் மூன்று நிறப் பென்சில்கள். கண்ணால் பார்த்த ஆவணத்தில் உள்ள பெயருக்குக் கறுப்பு. ஒருவர் வாயால் சொன்ன பெயருக்கு நீலம். அப்படி இருந்தால் நன்றாயிருக்கும் என்று குடும்பத்தில் யாரோ ஆசைப்பட்ட பெயருக்குச் சிவப்பு. சிவப்பைப் பார்த்துச் சிரிக்காதே, ஆசையும் அந்தக் குடும்பத்துடையதுதான், ஆனால் கறுப்போடு கலக்காதே என்பார். பேனாவை மேஜையில் வைக்கவே விடமாட்டார். நம் வேலையில் எதுவும் பேனாவில் எழுதுகிற அளவுக்கு உறுதி கிடையாது என்பது அவருடைய எண்ணம்.

ஒரு வீட்டுக்கு முதல் தடவை போகும்போது பையிலிருந்து தாளை எடுக்கக் கூடாது. சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொடுத்ததைச் சாப்பிட வேண்டும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். செத்தவர்களைப் பற்றி இரண்டாம் தடவை போகும்போது கேட்கலாம். திரும்பி வந்தால், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை விட எப்படி உட்கார்ந்து சொன்னார்கள் என்றுதான் லொரேன் துருவுவார்.

காலியிடத்துக்கும் அவரிடம் விதி இருந்தது. பெயர் தெரியாது என்றால் வட்டம். தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்கள் என்றால் சதுரம். எப்படிக் கண்டுபிடிப்பது? மறந்துபோனவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், சொல்ல விரும்பாதவர்கள் உன் முகத்தைப் பார்ப்பார்கள் என்பார். நான் வேலை பார்த்த காலமெல்லாம் வட்டம்தான் போட்டிருக்கிறேன், தாள் தாளாக. சதுரம் போட்ட கோப்புகள் மிகக் குறைவு.

இனி அந்த ராஜா வீட்டுக்கு வருகிறேன். நியூ கினி தீவின் மேற்குப் பாதியான பப்புவா இந்தோனேசியாவிடம் இருக்கிறது. அதன் கரையோரம், ஜாதிக்காய்க் காடுகளுக்குக் கீழே, சின்னச் சின்ன முஸ்லிம் ராஜாக்கள் பல தலைமுறையாக இருந்து வருகிறார்கள். அவர்களும் ராஜா என்றேதான் சொல்கிறார்கள், நம் சொல்தான் அத்தனை கடலைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கிறது. யானை, அரண்மனை எதுவும் கிடையாது. சில கிராமங்கள், கொஞ்சம் கடல், கொஞ்சம் காடு, ஊர் வழக்கைத் தீர்த்து வைக்கிற தலைவலி. அப்படி ஒரு ராஜா பிள்ளையில்லாமல் இறந்துவிட்டார். அவருடைய தம்பி அப்துல் கனி சிறுவயதிலேயே ஹாலந்து போய், அங்கிருந்து கலிஃபோர்னியா வந்து, யூனியன் சிட்டியில் மகள் வீட்டில் இருந்தார். நுரையீரல் போய்விட்டது, மூக்கில் ஆக்சிஜன் குழாய். அவரால் விமானம் ஏற முடியாது. அதனால் அவருடைய ஒரே மகன் யூசுபை அடுத்த ராஜாவாக உட்கார வைக்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். குடும்பத்தின் கொடிவழியை ஒழுங்காக எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். அதற்காகத்தான் அவருடைய மகள் ரஹ்மா எங்களைக் கூப்பிட்டாள். ரஹ்மா ஃப்ரிமான்ட்டில் நர்ஸ். அவர்கள் வீட்டில் பேசியதெல்லாம் ஆங்கிலமும் மலாயும். நான் என் தமிழில் தருகிறேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, ராஜா வேண்டும் என்று கேட்காத ஒரு வீடு. ராஜா ஏற்கெனவே சோபாவில் உட்கார்ந்திருந்தார், லுங்கி கட்டிக்கொண்டு.

ரஹ்மா ஒரு தட்டில் பாகில் ஊறிய பழத்துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். வாயில் போட்டதும் தெரிந்துவிட்டது, ஜாதிக்காயின் மேல் சதை. பொள்ளாச்சிப் பக்கம் என் அண்ணன் தென்னைக்கு நடுவே ஜாதிக்காய்தான் போட்டிருக்கிறார், கொட்டையையும் பத்திரியையும் எடுத்துக்கொண்டு சதையை எருக்குழியில் கொட்டுவோம் என்று சொன்னேன். கிழவர் தலையிலேயே அடித்துக்கொண்டார். அதிலிருந்து என்னிடம் சகஜமாகப் பேசினார்.

சுவரில் மூன்று பையன்கள் நிற்கிற படம். இரண்டு பேர் தலையில் கறுப்புத் தொப்பி, கடைசிப் பையன் கழுத்தில் சிலுவை. யார் என்று கேட்டேன். மூத்தவன் இறந்துபோன ராஜா, நடுவில் நான், இவன் என் தம்பி பெத்ருஸ் என்றார். கூடப் பிறந்த தம்பியா என்றேன். ஒரே வயிறு என்றார். அவர்கள் வழக்கம் அப்படி. கரையில் இருக்கிற ராஜா வீடு, தலைமுறைக்கு ஒரு பிள்ளையை மலைமேல் இருக்கிற அம்மா வழி வீட்டுக்குக் கொடுத்துவிடும். அந்தப் பிள்ளை மாமன் மடியில் வளரும், மாமன் வீட்டு மதத்தில் சேரும். மலை வீடு கத்தோலிக்கரானதால் பெத்ருஸ் கத்தோலிக்கர். சர்ச் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருநாளுக்குப் பெத்ருஸ் கீழே வருவார், கிறிஸ்துமஸுக்கு இவர்கள் மேலே போவார்கள். இதில் விளக்கிச் சொல்ல என்ன இருக்கிறது என்பது போலக் கிழவர் என்னைப் பார்த்தார்.

இரண்டாம் தடவை போனபோது முன்னோர் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ராகமாக ஆரம்பித்தார். தன் பெயர், தகப்பன் பெயர், அவர் தகப்பன் பெயர் என்று மேலே மேலே போனார். ஒவ்வொரு பெயருக்கும் வலது கை விரலால் முழங்காலில் ஒரு தட்டு. மூச்சு வாங்கினாலும் தாளம் தப்பவில்லை. ஒரு பெயரில் வந்து விரல் நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். அப்பாவுக்கு இப்போதெல்லாம் மறதி என்று ரஹ்மா மெதுவாகச் சொன்னாள். வட்டம் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

லொரேன் தாளைப் பார்த்தார். “எங்கே பார்த்தார்?” என்றார்.

என் முகத்தை என்று நான் சொன்னதும் ரப்பரை எடுத்து வட்டத்தை அழித்தார். திரும்பப் போய்க் கேள், மறந்துவிட்டதா என்று கேட்காதே, அது யாருடைய பங்கு என்று கேள் என்றார். அப்படியே கேட்டேன். கிழவர் வெகுநேரம் சிரித்தார், சிரிப்பு இருமலாகி ரஹ்மா ஓடிவர வேண்டியதாயிற்று. பிறகு சொன்னார். அந்தக் குடும்பத்தின் கொடிவழி இரண்டு பங்கு. கீழ்ப் பங்கைக் கரை வீடு சொல்லும். அந்தப் பெயருக்கு மேலே இருப்பது மலை வீட்டின் பங்கு. கடலிலிருந்து வந்த கரை வீட்டு முன்னோனுக்கு மலையில் இருந்தவர்கள்தான் இடம் கொடுத்தார்கள், அதனால் மேலே இருக்கிறவர்களின் பெயர் அவர்கள் வாயில்தான் இருக்க வேண்டும். ராஜாவை உட்கார வைக்கும் நாளில் இரண்டு வீடும் எதிரெதிரே உட்கார்ந்து சொல்லி முடிக்கும். முடித்ததும் மலை வீட்டுக்காரர்தான் தலைத்துணியைக் கட்டிவிட வேண்டும். அவர் கட்டாவிட்டால் ராஜா கிடையாது. இப்போது அந்த வீட்டுக்குப் பெரியவர் பெத்ருஸ்.

இது எனக்குப் புரியாமல் இருக்குமா? எங்கள் கொங்குப் பக்கம் பெண்ணுக்குச் சீர் என்றால் தாய்மாமன் வந்தாக வேண்டும். வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் இருந்தாலும் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் அவர் வாசலில் நிற்க வேண்டும். என் சீருக்கு என் அப்பா அப்படித்தான் நின்றார், வேலித் தகராறை விழுங்கிக்கொண்டு.

சிக்கல் யூசுப் வடிவத்தில் வந்தது. ட்ரேசியில் ஒரு பெரிய கிடங்கில் வேலை, முப்பது முப்பத்தைந்து வயது, அப்பாவின் சுருட்டை முடி, அப்பாவின் கறுப்பு. ஆபீஸுக்கு வந்து ஒரு நீளத் தாளை விரித்தார். அப்பா நிறுத்திய பெயருக்கு மேலே இடைவெளியே இல்லை. இணையத்தில் யாரோ போட்டிருந்த ஒரு மரத்தில் தன் குடும்பத்தை ஒட்டிவிட்டார். வரிசையாக அரபுப் பெயர்கள், உச்சியில் ஏமனிலிருந்து கப்பலேறி வந்த ஒரு மகான். மலை வீடு இல்லை. பெத்ருஸ் இல்லை. பெண்கள் யாருமே இல்லை. இதைச் சரிபார்த்து உங்கள் நிறுவனத்து முத்திரையோடு கொடுங்கள் என்றார்.

லொரேன் சிவப்புப் பென்சிலை எடுத்தார். மேலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பெயருக்கும் அடியில் நிதானமாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தார். பென்சில் முனை தேய்ந்தது, சீவிக்கொண்டு மறுபடி போட்டார். யூசுபின் முகம் மாறிக்கொண்டே வந்தது. எனக்கே பாவமாக இருந்தது. யூசுப் என் பக்கம் திரும்பினார், எனக்கும் அவர் தோல் நிறம்தான் என்பதாலோ என்னவோ.

“மேடம், நான் பிறந்ததிலிருந்து முஸ்லிம். எங்க தாத்தாவோட தாத்தா முஸ்லிம். ஆனா எந்த மசூதிக்குப் போனாலும் என்னைப் பார்த்ததும் முதல்ல ஒரு கேள்வி, நீங்க எப்போ இஸ்லாத்துக்கு வந்தீங்கன்னு. கெட்ட எண்ணத்தோட கேக்கல, அன்பாத்தான் கேக்கறாங்க. எத்தனை தடவை சிரிச்சுக்கிட்டே பதில் சொல்றது? எனக்கு அலுத்துப் போச்சு.”

சோழ வம்சத்து என்ஜினியரைப் பார்த்து எரிச்சல் வந்தது, இவரைப் பார்த்து வரவில்லை. ஆனாலும் சிவப்பு சிவப்புதான். லொரேன் அதைச் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். யூசுப் தாளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. அந்தத் தாளைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார், இதுதான் நம் கொடிவழி என்று. மலை வீட்டைத் தாளிலிருந்து வெட்டிவிட்டு அதே வீட்டுக்காரர் கையால் தலைத்துணி கட்டிக்கொள்ளப் பார்த்த புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல? அந்த வழக்கம் அவருக்குத் தெரியாமல் இல்லை. இந்தக் காலத்தில் அதெல்லாம் வெறும் சடங்கு என்று நினைத்துவிட்டார்.

பெத்ருஸிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ரஹ்மா ஆபீஸுக்கு வந்து எங்கள் முன்னால் போட்டுக் காட்டி, வரிவரியாகச் சொன்னாள். கோபமே இல்லாத குரல்.

“படம் பார்த்தேன். அழகாகப் போட்டிருக்கிறாய். அதில் என் அம்மாவைத் தேடினேன், காணவில்லை. அம்மா இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை? அதில் இருக்கிறவர்கள் யாராவது வந்து துணியைக் கட்டட்டும்.”

அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பார்த்தும் மசியவில்லை. பட்டம் போனால் போகட்டும் என்று ரஹ்மா அழுதாள். அவளுக்கு அப்பாதான் கவலை. கிழவர் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். உயிரோடு இருக்கும் ஒரே உடன்பிறப்பு முகம் கொடுக்காமல் இருக்க, மூச்சு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயந்தாள். எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது. லொரேன் வெந்நீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, மரியாதையாகப் பேசும் வேற்று ஆள் கூப்பிட்டால் ஒரு தலைமையாசிரியர் போனை எடுக்காமல் இருக்க மாட்டார் என்றார். அவரே ஆபீஸ் எண்ணிலிருந்து கூப்பிட்டார். பெத்ருஸ் எடுத்தார். அண்ணன் உங்களோடு பேச விரும்புகிறார், கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் போதும் என்று லொரேன் சொன்னதற்குச் சரி என்றாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யூனியன் சிட்டி வீட்டில் கூடினோம். அங்கே அப்போது திங்கள் காலை. டீப்பாயில் போனை ஸ்பீக்கரில் வைத்தாள் ரஹ்மா. நான் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்தேன். யூசுப் உள்ளே வராமல் வாசல் பக்கம், செருப்பு அடுக்குக்கு அருகே நின்றார். பெத்ருஸ் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ரெக்கார்டரையும் சேர்த்து ரஹ்மா சொன்னாள். அந்த மெஷினை அணைக்கச் சொல், எழுதுகிற சாமான் எதுவும் வெளியே இருக்கக் கூடாது என்றார்.

நான் லொரேனைப் பார்த்தேன். பதிவு இல்லாமல் ஒரு பேட்டிக்கும் ஒப்புக்கொண்டதில்லை அவர். அவரே கையை நீட்டி ரெக்கார்டரை அணைத்தார். மூன்று பென்சில்களையும் எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கிழவர் ஆரம்பித்தார். ராகம் அதேதான், குரல் பாதிதான் இருந்தது. ஒரு பெயர், ஒரு மூச்சு, ஒரு தட்டு. நடுவில் நின்று ஆக்சிஜன் இழுத்தார். ரஹ்மா போதும் என்று கையைப் பிடித்ததற்குத் தட்டிவிட்டார். அந்தப் பெயருக்கு வந்தார், விரல் நின்றது.

போனில் சத்தமில்லை. அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. ஒரு மோட்டார் சைக்கிள் போனது. கிழவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்பு போய்விட்டதோ என்று ரஹ்மா எட்டிப் பார்த்தாள், போகவில்லை.

யூசுப் வாசலிலிருந்து வந்தார். டீப்பாய்க்கு முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவருக்கு அவர்கள் கரையோர மொழி அரைகுறைதான். தடுமாறித் தடுமாறி ஒரே வாக்கியம் சொன்னார். ரஹ்மா என் காதில் சொன்னாள்.

“சித்தப்பா, எங்க பாட்டி வீட்டுப் பெயரைச் சொல்லுங்க.”

வெற்றிலைத் தட்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பெத்ருஸ் தொண்டையைச் செருமினார். அண்ணன் விட்ட இடத்தில், அதே ராகத்தில் எடுத்தார். பெயர் பெயராக மேலே போனார். நான் கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் மறுபடி முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் கவனித்தேன், ஒவ்வொரு பெயரும் போனில் வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே விரல் விழுந்தது. எல்லாப் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. உதடு மட்டும் அசையவில்லை. கடைசிப் பெயர் ஒரு பெண்ணுடையது என்று ரஹ்மா பிறகு சொன்னாள். அந்தப் பெயர் வந்ததும் கிழவர் விரலை எடுத்துவிட்டு உள்ளங்கையை விரித்து முழங்காலில் வைத்தார். யூசுப் தலையைத் தூக்கவில்லை. பெத்ருஸ் அவரிடம் ஏதோ கேட்டார், அண்ணனுக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறாய் என்றாராம்.

திரும்பி வரும்போது லொரேன்தான் காரை ஓட்டினார். மில்பிடாஸ் எக்ஸிட்டில் இறங்கும்போது, “சதுரம். பேனாவில் போடு” என்றார். பேனாவில் அவர் போடச் சொன்னது அது ஒன்றுதான். கரை வீடும் மலை வீடும் பக்கத்தில் பக்கத்தில், மூன்று சகோதரர்களும் ஒரே அம்மாவின் கீழே, இரண்டு வீட்டுக்கும் மேலே ஒரு சதுரம். யூசுப் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அப்துல் கனி அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் கடைசிவரை சாயங்காலமானால் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார் என்றாள் ரஹ்மா. ஊரில் யூசுபை உட்கார வைத்த படத்தை எனக்குக் காட்டினாள். பாயில் யூசுப் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். எதிரே வெள்ளைத் தாடியோடு பெத்ருஸ் குனிந்து துணியைக் கட்டுகிறார், கழுத்துச் சிலுவை முன்னால் தொங்குகிறது. யூசுப் வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வழக்குத் தீர்த்துவிட்டு வந்து ட்ரேசி கிடங்கில் வேலையைப் பார்க்கிறார். அங்கே அவருடைய சூப்பர்வைசருக்கு இது தெரியுமா என்று நான் கேட்கவில்லை. லொரேனும் போய்ச் சேர்ந்துவிட்டார். பென்சில்கள் யாரிடம் போயின என்று தெரியவில்லை.

பிரியா போனில் படித்துக் காட்டிய பெயர்கள் எவை என்று இப்போது புரிந்திருக்கும். அதே அரபு வரிசை, அதே மகான். யூசுப் தன் மரத்தை இணையத்திலிருந்து எப்போதோ அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துத் தங்கள் மரத்தில் ஒட்டிக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து இன்னும் பலர். இத்தனை பேர் சொல்வதால் உண்மையாகத்தான் இருக்கும் என்பது புரோகிராமின் முடிவு. சிவப்புப் பென்சில் போட்டதெல்லாம் கறுப்பாகி வந்து நிற்கிறது. காலமெல்லாம் அழித்து அழித்து எழுதியது எதற்கு என்று உடம்பெல்லாம் அசதியாக இருந்தது எனக்கு.

பிரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“ஆன்ட்டி, நீங்க அன்னைக்கு அங்கதானே இருந்தீங்க? ரஹ்மாவும் அப்புறம் சொல்லியிருப்பாங்க. அந்த நேம்ஸ் ஞாபகம் இருந்தா சொல்லுங்களேன், நான் டைப் பண்ணிடறேன். அந்த ராங் நேம்ஸாவது வராம இருக்கும்ல?”

நியாயமான கேள்விதான். திரையில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளும் லொரேனிடம் வேலை பார்த்தவள்தான். நகம் கடிப்பதை நிறுத்தினாள்.

“ஓ,” என்றாள். “சரி ஆன்ட்டி. ஸ்கொயர்.”

அந்த ஒரு கோப்பை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றாமல், தாளாகவே அலமாரியில் வைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.